மேற்கு ஏரிக்குப் பெண் பார்க்கப் போனோம்

“...இதுக்கா பாஸ்போர்ட் எடுத்து, ரெண்டு விமானம் மாறி வந்தோம்? நம்ம கண்டோஜி ஏரியில இல்லாத தண்ணியா இது? அங்கயாவது கரையில உக்காந்து ஒரு கிண்ணம் மொஹிங்கா சாப்பிடலாம். இங்க கண்ணுக்கு ஒரு எழவும் தெரியல” என்றாள் அக்கா.

தெரியாததற்கு ஏரி பொறுப்பல்ல. மூடுபனி. ஹாங்சோ நகரத்து மேற்கு ஏரி என்றால் சீனர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. எத்தனையோ ராஜாக்கள் இதன் கரையில் உட்கார்ந்து உருகியிருக்கிறார்களாம். அக்கா பனி விலகும்வரைகூடக் காத்திருக்கவில்லை. வந்ததும் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

அக்காவின் பெயர் தனலட்சுமி. யங்கோன் என்று பலகையில் எழுதினாலும் எங்கள் வாயில் இன்னும் ரங்கூன்தான். அந்த ரங்கூனின் க்யிம்யிண்டைங் படித்துறையில் அவளுக்கு வாழைக்காய் மண்டி. படகில் வந்து இறங்கும் தாரை முன்பக்கம் பார்க்கவே மாட்டாள். “முன்னாடி எல்லாத் தாரும் ராஜா மாதிரிதான் இருக்கும். திருப்பு” என்பாள். படகுக்காரர்கள் அவளை ‘டோ தனா’ என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவள் அந்தப் பக்கம் போனதும் வேறு மாதிரியும் கூப்பிடுவார்கள்.

நான் அவள் தம்பி. ரங்கூனின் நடுவே கியாக்டடாவில், ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணாடி வாங்க வருகிறவர்களைவிடப் பேசிவிட்டுப் போக வருகிறவர்கள் அதிகம். நான் படித்ததெல்லாம் அவர்களிடம்தான்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் அக்காவின் ஒரே மகன் சரவணன். ஹாங்சோவில் இயந்திரம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. ஏரிக்குப் பின்னால் இருக்கும் மலையில் தேயிலை வளர்க்கும் ஒரு வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்று போனில் சொன்னான். அக்கா மாதக்கணக்கில் மாட்டேன் என்றாள். கடைசியில், “நேர்ல வர்றேன். பொண்ணப் பாக்கணும், வீட்டப் பாக்கணும். அப்புறந்தான் வாயத் திறப்பேன்” என்று இறங்கிவந்தாள்.

என்னிடம் தனியாகச் சொன்னது வேறு. “தம்பி, பையனக் கையோட கூட்டிட்டு வந்துரணும். ஆத்துக்கு அந்தப் பக்கம் தன்லியின்ல ஒரு நல்ல பொண்ணு பாத்து வச்சிருக்கேன். நீ கூட வந்து ரெண்டு வார்த்த எடுத்துச் சொல்லு.”

சரவணனும் எனக்குத் தனியாகப் போன் செய்தான். அம்மாவை அவன் பர்மியத்தில் அமே என்றுதான் கூப்பிடுவான். “மாமா, அமே உங்க பேச்சத்தான் கேப்பாங்க. எப்படியாவது சம்மதிக்க வையுங்க.”

நான் இரண்டு பேரிடமும் ‘ஆகட்டும்’ என்றேன். கடை வைத்திருப்பவனுக்கு வேறு வார்த்தை வராது.

முதல் நாள் படகில் ஏரியைச் சுற்றினோம். பாதி தூரத்தில் பனி மெல்லக் கிழிந்தது. ஒரு பக்கம் மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் இன்னும் வெளுத்த மலை. தண்ணீரைத் தொடுகிற மாதிரி தலைவிரித்த மரங்கள். ஏரியைக் குறுக்கே வெட்டிப் போகும் ஒரு பாதை. அதில் ஒட்டகத் திமில் மாதிரிக் கல் பாலங்கள். நான் வாயடைத்துப் போனேன். எனக்கு அது அடிக்கடி நடப்பதில்லை.

அக்கா ஒரு குன்றின் உச்சியில் நின்ற கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். “அது எந்த பயா?”

பர்மாவில் பகோடா எல்லாமே எங்களுக்கு பயாதான். சரவணன் அதன் பெயரைச் சொல்லி, மேலே போக எஸ்கலேட்டர் உண்டு என்றான்.

“பயாவுக்கு எஸ்கலேட்டரா? அப்ப புண்ணியம் மிஷினுக்குப் போகுமா, ஏறினவனுக்குப் போகுமா?”

“நம்ம ஷ்வேடகோன் பயாவுலயும் ஒரு வாசல்ல எஸ்கலேட்டர் இருக்கே, அக்கா” என்றேன்.

“அது நம்மது” என்று முடித்துவிட்டாள்.

கரையேறி ஹோட்டலுக்கு நடந்தபோது நான் சாகப் பார்த்தேன். எங்கள் ஊருக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை. அதனால் ரங்கூன்காரன் ரோட்டைக் கடக்கும்போது கார் வருகிறதா, பஸ் வருகிறதா என்றுதான் பார்ப்பான். இங்கே மின்சார ஸ்கூட்டர்கள். சத்தமே கிடையாது. ஒன்று நான் கைலி மாதிரிக் கட்டியிருந்த லோஞ்சியை உரசிக்கொண்டு போனது. பதறியதில் இடுப்பு முடிச்சு அவிழ்ந்துவிட்டது. நடைபாதையிலேயே லோஞ்சியை விரித்து, உதறி, இழுத்துக் கட்டினேன். எங்கள் ஊரில் பஸ் நிறுத்தத்தில் நாலு பேர் இதைச் செய்துகொண்டு நிற்பார்கள். இங்கே நிமிர்ந்து பார்த்தால் என்னைச் சுற்றி ஒரே செல்போனாக இருந்தது. ஒரு கிழவர் கைதட்டினார்.

பஸ்ஸில் இன்னொரு கூத்து. அக்கா வெளியே கிளம்பினால் இரண்டு கன்னத்திலும் தனாக்காக் கட்டையை அரைத்துப் பூசிக்கொள்வாள். வெயிலுக்கு அந்தக் கட்டைதான் எங்கள் பெண்களுக்குக் குடை. எதிர் இருக்கையில் இருந்த அம்மாள் வெகுநேரம் அக்காவையே பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து ஈரக் காகிதம் ஒன்றை எடுத்து, முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி நீட்டினார். அக்கா அதை வாங்கினாள். நன்றி சொல்கிற மாதிரித் தலையசைத்தாள். அந்தக் காகிதத்தால் என் சட்டையில் இருந்த கறையைத் துடைத்துவிட்டாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு ஏரி மீன். முழு மீன், மேலே கறுப்பாகப் புளிப்பும் இனிப்புமாய்ப் பளபளவென்று ஒரு குழம்பு. ஊருக்கே பேர்போன பதார்த்தம் என்றான் சரவணன்.

“மீன ஊறுகாய் ஜாடியில தவறிப் போட்டுட்டாங்க போல” என்றாள் அக்கா. பையிலிருந்து பலச்சாங் பாட்டிலை எடுத்தாள். உலர்ந்த இறாலும் மிளகாயும் பூண்டும் வறுத்த அந்தத் தூளை மீன் மேல் திருநீறு மாதிரித் தூவினாள். பரிமாறிய பெண்ணுக்கும் ஒரு சிட்டிகை கொடுத்தாள். அவள் இருமிக்கொண்டே உள்ளே ஓடி, சமையல்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவரும் இருமினார். பிறகு இரண்டாவது சிட்டிகை கேட்டார்.

மறுநாள் காலையில் ஊற்றுக்குப் போனோம். இரண்டு புலிகள் காலால் பறித்துத் தோண்டிய ஊற்று என்பது கதை. மூங்கில் காட்டுக்குள் படி ஏறிப் போனால் பாறையிலிருந்து குளிர்ந்த நீர் கசிகிறது. நான் புலியின் சிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வரிசையைப் பார்த்துவிட்டாள். உள்ளூர்க்காரர்கள் பிளாஸ்டிக் குடங்களோடு தண்ணீர் பிடிக்க நின்றுகொண்டிருந்தார்கள். டீ போட இந்தத் தண்ணீர்தான் வேண்டுமாம்.

வரிசையைக் கண்டதும் அக்காவுக்கு ஊர் வந்துவிட்டது. எங்கள் தெருவில் கரண்ட் வந்தால்தான் மோட்டார் ஓடும், மோட்டார் ஓடினால்தான் மாடிக்குத் தண்ணீர் ஏறும். அதனால் எங்கே தண்ணீர் சும்மா ஓடினாலும் அவளால் விட்டுவிட்டுப் போக முடியாது. குடிக்க வாங்கிய பாட்டில்களைக் காலி செய்து வரிசையில் போய் நின்றாள். முன்னால் நின்றவர் ஒரு குடம் நிரப்பிவிட்டுக் காலுக்கடியிலிருந்து இன்னொன்றை எடுத்தார்.

“யோவ், ஒரு ஆளுக்கு ஒரு குடம்!” என்றாள் தமிழில்.

அவர் சீனத்தில் ஏதோ சொன்னார். அக்கா பர்மியத்தில் பதில் சொன்னாள். அவர் குடத்தை ஓரமாக வைத்து வழிவிட்டார். “பாரு, தண்ணிச் சண்டைக்குத் துபாஷி வேண்டாம்” என்று அக்கா எனக்குப் பெருமையாகச் சொன்னாள். அந்தப் பாட்டில்களை நாள் முழுக்கச் சுமந்தவன் சரவணன்.

அங்கிருந்து மலையடிவாரக் கோயில். வாசலில்தான் அந்தப் பெண் காத்திருந்தாள். பெயர் யுவே. ஒட்ட வெட்டிய முடி, விளையாட்டுக் காலணி. “அமே, நே கௌங் லா” என்று பர்மியத்தில் நலம் விசாரித்தாள். அம்மா என்பதையும் சேர்த்தே சரவணன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அக்கா தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு சாவகாசமாக நடந்து அவள் முதுகுப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சரவணன் முகத்தை மூடிக்கொண்டான்.

நாங்கள் உள்ளே நுழைந்தோம். ஷ்வேடகோன் ஆகட்டும், தெருமுனைக் காளி கோயில் ஆகட்டும், எங்களுக்கு வாசலிலேயே செருப்பு தானாகக் கழன்றுவிடும். அக்காவும் நானும் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்துவிட்டு நடந்தோம். முன்னால் போய்க்கொண்டிருந்த சரவணனும் யுவேயும் கவனிக்கவில்லை. அங்கே யாருமே செருப்பைக் கழற்றுவதில்லை என்பதை நாங்களும் கவனிக்கவில்லை. வாசலுக்கும் சந்நிதிக்கும் நடுவில் ஒரு பள்ளத்தாக்கே கிடந்தது. ஓடையை ஒட்டிக் கல் பாதை. மழை நனைத்த கல். எனக்குக் குளிர் உச்சந்தலையில் போய் நின்றது.

சரவணன் எங்களுக்காக நின்று பார்த்தபோது வாசல் வெகுதூரம் பின்னால் போயிருந்தது. பின்னால் வந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டதைக் காதில் வாங்கி எங்களுக்குச் சொன்னான். “‘பாவம், ஏதோ வேண்டுதல் போல இருக்கு.’ ‘இல்ல, இல்ல. இது வைத்தியம். உள்ளங்காலில் நரம்பெல்லாம் இருக்கு. தூக்கம் நல்லா வரும்.’”

கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்தால், வயதான ஒருவர் காலணியைக் கையில் தூக்கிக்கொண்டு எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார். அடுத்த வளைவில் அவரோடு அவர் மனைவி. சந்நிதிக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் தலைமையில் ஒரு சிறிய ஊர்வலமே இருந்தது.

பாதையோரம் முழுக்கப் பாறை. பாறை முழுக்கப் புத்தர். சிரிக்கிற புத்தர், தொந்தி புத்தர். யுவே அந்தக் குன்றின் கதையைச் சொல்ல, சரவணன் மொழிபெயர்த்தான். இந்தியாவிலிருந்து வந்த ஒரு துறவி இதைப் பார்த்ததும், ‘இது எங்கள் ஊர் மலையாயிற்றே, எப்போது இங்கே பறந்து வந்தது?’ என்று கேட்டாராம். அதனால் இதற்குப் ‘பறந்து வந்த சிகரம்’ என்று பெயர். திரும்பப் பறந்துபோய்விடக் கூடாதென்றுதான் மேலெல்லாம் புத்தர்களைச் செதுக்கிக் கனம் ஏற்றிவிட்டார்களாம்.

அக்கா குன்றை ஏற இறங்கப் பார்த்தாள். “ஊர விட்டுப் பறந்து வந்துச்சு. வந்த எடத்துல உக்காந்துருச்சு. திரும்பி வர நெனப்பு இல்ல.” மகனைப் பார்த்தாள். “அதுக்கு மேல புத்தர ஏத்தி அமுக்கினாங்க. உனக்குப் பொண்ணக் குடுத்து அமுக்கறாங்க.”

“என்ன சொல்றாங்க?” என்று யுவே கேட்டாள்.

“மலை ரொம்ப அழகா இருக்காம்” என்றான் சரவணன். அவன் மொழிபெயர்ப்பு எப்படிப்பட்டதென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

திரும்பி வாசலுக்கு வந்தால் செருப்புகள் இல்லை. சுவரோரம் துடைத்த மாதிரி இருந்தது. யாரோ விட்டுப்போன பழைய செருப்பென்று நினைத்துக் கூட்டுகிறவர்கள் எடுத்துப் போயிருக்க வேண்டும். நாங்கள் நின்று விழிப்பதற்குள் யுவே ஓடினாள். தூரத்தில் ஒரு குப்பை வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தி, கையை முழங்கைவரை உள்ளே விட்டு, ஒன்று ஒன்றாக எடுத்தாள். ஓடையில் கழுவி, தன் சட்டை நுனியால் துடைத்து, அக்காவின் காலடியில் வைத்தாள்.

அக்கா போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் என் காதோரம், “செருப்ப எடுத்துக் குடுத்தா மருமகளாயிருவாளா? அப்படிப் பாத்தா ஷ்வேடகோன் வாசல்ல செருப்புக் காக்கறவதான் எனக்கு மூத்த மருமக” என்றாள். ஆனால் பஸ் ஏறும்போதே யுவேயின் நனைந்த கையைத் தன் துண்டால் துடைத்துவிட்டதை நான் பார்த்தேன். பார்க்காதவன் மாதிரி இருந்துகொண்டேன்.

கடைசி நாள் யுவேயின் வீடு. ஏரிக்கு மேற்கே மலைகள் மடிந்து மடிந்து போகும் இடத்தில் ஊர். சரிவெல்லாம் தேயிலை, தலை சீவி வகிடெடுத்த மாதிரி வரிசைகள். ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் பெரிய இரும்புச் சட்டி. யுவேயின் அப்பா லின் வெறுங்கையால் சூடான சட்டிக்குள் பச்சை இலையை அழுத்தி, புரட்டி, அழுத்தி வறுத்துக்கொண்டிருந்தார். மனைவி இறந்த பிறகு தனியாகவே மகளை வளர்த்தவர். மெலிந்த மனிதர். பேச்சு குறைவு. வேலை முடியும்வரை எங்களை நிற்கவைத்தார்.

அது அக்காவுக்குப் பிடித்தது. “சட்டிய விட்டுட்டு இளிச்சுக்கிட்டு வரல பாரு. வியாபாரி.” கூடையிலிருந்து ஓர் இலையை எடுத்துத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள். அவர் அதைக் கவனித்தார். இரண்டாவது கூடையை அவராகவே அவள் பக்கம் நகர்த்தினார். எனக்கு நம்பிக்கை வந்தது. அது சீக்கிரம் போய்விட்டது.

உள்ளே மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். கண்ணாடிக் குவளைகளில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றினார். இலைகள் நிமிர்ந்து நின்று மெல்லத் தாழ்ந்தன. இந்த வசந்தத்தின் முதல் பறிப்பு, விருந்தாளிக்கு மட்டும்தான் எடுப்பார் என்றாள் யுவே.

லின் நேராக விஷயத்துக்கு வந்தார். அவருக்கு ஒரே மகள். அவளை இந்த மலையை விட்டு அனுப்ப மாட்டார்.

அக்காவும் நேராகவே வந்தாள். “எனக்கும் ஒரே மகன். நான் படகுலயும் சேத்துலயும் நின்னு வளத்தேன். இவர் மலைக்கு மாப்பிள்ளையா அனுப்பறதுக்கு இல்ல. பொண்ணு நல்ல பொண்ணுதான், நான் இல்லைங்கல. அவ என் வீட்டுக்கு வரட்டும். மண்டியில எனக்குப் பக்கத்துல உக்காரட்டும். இல்லைன்னா நாளைக்கே இவன நான் கூட்டிட்டுப் போறேன்.”

சரவணன் சீனத்தில் மூன்று வார்த்தை சொன்னான்.

“டேய்! நான் இவ்வளவு நீளம் பேசினேன். நீ இவ்வளவு குட்டியா சொன்ன. மிச்சத்த எங்கடா போட்ட?”

“சீன பாஷ சுருக்கம், அமே.”

“அவர் பேசினா மட்டும் நீளமா வருதே?”

லினுக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மகளிடம் திரும்பினார். அவளுக்குத் தமிழ் தெரியாது. சரவணன் முகத்தைப் பார்த்தாள். அவன் குவளையைப் பார்த்தான். கடைசியில் பாவம், முழுவதையும் சொன்னான். நெற்றி வியர்த்துவிட்டது.

லின் கேட்டுக்கொண்டார். யோசித்தார். பிறகு அக்காவைப் பார்த்தே ஏதோ கேட்டார். கோபமாக இல்லை. சரவணன் மொழிபெயர்க்கத் தயங்கினான்.

“சொல்லுடா.”

“‘ஊரில் இருக்க முடியும் என்றால் எதற்கு உங்கள் மகனை அனுப்பினீர்கள்?’னு கேக்கறார், அமே.”

சரவணனை அனுப்பியது அவள்தான். இங்கே இருந்தால் உனக்கு ஒன்றும் மிஞ்சாது, போ என்று மிங்கலாடோன் விமான நிலையத்தில் அவன் முதுகைப் பிடித்துத் தள்ளியது அவள் கைதான். எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் இப்போது அவன் வயதுப் பையன்கள் இல்லை; எல்லோரும் பிழைக்க வெளிநாடு போய்விட்டார்கள். நான் எடுத்துச் சொல்ல வேண்டிய இரண்டு வார்த்தைக்கு அதுதான் நேரம். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா குவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தீர்ந்து அடியில் இலை பச்சையாகக் கிடந்தது. விரலை உள்ளே விட்டு ஒரு கொத்து எடுத்து வாயில் போட்டு மென்றாள். இன்னொரு கொத்து.

லினின் கண் விரிந்தது. மகளிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். சரவணனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. “‘இவங்களுக்குப் பசியா? காலையில் யாரும் சாப்பாடு போடவில்லையா?’ன்னு கேக்கறார்.”

நான் அவசரமாக விளக்கினேன். எங்கள் நாட்டில் தேயிலையைக் குடிப்பதோடு தின்னவும் செய்வோம். புளிக்கவைத்த இலையில் எள்ளும் வறுத்த கடலையும் பூண்டும் எண்ணெயும் சேர்த்தால் லஃபெட். எங்கள் வாய் இலையைக் கண்டால் சும்மா இருக்காது.

லின் தன் குவளையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். இரண்டு விரலை உள்ளே விட்டார். மென்றார். முகம் ஒரு பக்கம் கோணியது.

“வெறும் வாயில தின்னா கசக்காம என்ன செய்யும்?” என்று அக்கா எழுந்தாள். யாரையும் கேட்காமல் அவர் சமையலறைக்குள் போனாள். யுவே பின்னாலேயே ஓடினாள். டப்பா திறக்கும் சத்தம், பூண்டு நசுக்கும் சத்தம், இரண்டு பேரும் வேறு வேறு மொழியில் பேசும் சத்தம். வெளியே வந்தபோது தட்டு நிறைய முதல் பறிப்பு இலை ஊறி, பூண்டும் மிளகாயும் சேர்ந்து எண்ணெயில் மினுங்கிக்கொண்டிருந்தது. லின் கண்ணை இறுக மூடித் திறந்தார். ஒரு வசந்தத்தின் உழைப்பு அந்தத் தட்டில் இருந்தது.

“அமே, அப்ப சம்மதமா?” என்றான் சரவணன்.

“நான் எங்கடா சொன்னேன்? கேளு அவர. இலை பறிக்கிற காலம் முழுக்க இதுங்க இங்க இருக்கட்டும். மழை விட்டதும் ரங்கூனுக்கு வரணும். ரெண்டு பேரும். வெறுங்கையோட இல்ல, இந்த இலையோட.”

சரவணன் இந்த முறை நீளமாகவே சொன்னான்.

லின் தட்டைக் காட்டி, இதை எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டார். அதையும் நான்தான் சொன்னேன்: பர்மாவில் இரண்டு தரப்பு வழக்குப் பேசினால், முடிவில் லஃபெட் தட்டை நடுவில் வைப்பார்கள். அதிலிருந்து எடுத்துத் தின்றவர் ஒத்துக்கொண்டவர். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது.

சரவணன் அதைச் சீனத்தில் சொல்லி முடிக்கும்வரை அவர் கேட்டார். மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாப்பிடும் குச்சிகளை எடுத்து ஒரு பெரிய குவியலாக அள்ளி வாயில் வைத்தார். மிளகாய் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்காமல் மென்றார்.

நாங்கள் எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவள் துண்டை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டாள். எட்டி அவர் கையிலிருந்த குச்சிகளை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு விரல்களால் ஒரு பிடி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.